பெல்ட்டும் கப்பியும்



வரலாறு கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் மோட்டார் வண்டியின் பெல்ட்டைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்குச் சிறிது வியப்பாக இருக்கலாம். அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு இவர் ஏன் பட்டறைக்குள் நுழைகிறார் என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் விரும்பி நுழையவில்லை. நடுச்சாலையில் தவித்து நின்றபோது பட்டறைதான் என்னைத் தேடி வந்தது. அந்த நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. காலையில் அதை ஓட்டத் தொடங்கினால் எஞ்சினின் முன்புறத்திலிருந்து குருவி கத்துவதுபோல ஓர் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். "பெல்ட் தேய்ந்துவிட்டது" என்று கூறிப் புதிய பெல்ட்டைப் போட்டுக் கொடுத்தார். சில வாரங்கள் ஒலி அடங்கியிருந்தது. பின்னர் மீண்டும் தொடங்கிற்று. அதே ஆண்டில் மற்றொரு பெல்ட் வாங்கினேன். அதுவும் சில வாரங்களுக்கே அமைதி தந்தது.

அந்நிலையில் ஒருநாள், என் தாயாரைக் கண் அறுவைக்காகத் தஞ்சையிலிருந்து திருச்சிக்கு அழைத்துச் சென்றேன். செங்கிப்பட்டியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் அந்த ஒலி சட்டென்று நின்றுவிட்டது. தொல்லை தானாகவே தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஒரு நிமிடங்கூட நீடிக்கவில்லை. பாட்டரி விளக்குச் சிவப்பாக எரிந்தது. ஸ்டியரிங் கல்லைப்போல் கனத்தது. வெப்பங்காட்டும் முள் மெல்ல மேலே ஏறத் தொடங்கிற்று. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். பெல்ட் அறுந்திருந்தது.

அருகிலிருந்த ஊரிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் கேட்ட முதற்கேள்வி எனக்கு வியப்பளித்தது. "சார், இதற்குமுன் கழற்றிய பழைய பெல்ட் இருக்கிறதா?" என்றார். எதையும் எறியாமல் சேர்த்து வைப்பது எங்கள் துறையினரின் பழக்கம். இரண்டும் டிக்கியிலேயே கிடந்தன. அவற்றையும் அறுந்த பெல்ட்டையும் பானெட்டின்மேல் அருகருகே பரப்பினார். மூன்றும் ஒரே ஓரத்தில், ஒரே விதமாகத் தேய்ந்து நூல் பிரிந்திருந்தன. "பெல்ட் மூன்று சார், காயம் ஒன்றுதான்" என்றார் அவர். பின்னர் எஞ்சினுக்குள் கையை நுழைத்துச் சிறிய கப்பி ஒன்றைச் சுழற்றிக் காட்டினார். மணலை அரைப்பதுபோல அது கரகரத்தது. அதன் பேரிங் தேய்ந்து கப்பி சாய்ந்திருந்தது. சாய்ந்த கப்பி மூன்று பெல்ட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துத் தின்றிருந்தது.

தாயாருக்கு அன்று நடக்கவேண்டிய அறுவை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. நானோ ஆழ்ந்த வெட்கத்தில் ஆழ்ந்தேன். சான்றுகளை ஒப்பிட்டுக் காரணத்தைக் காணவேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிவந்தவன், டிக்கியில் கிடந்த சான்றைப் படிக்கத் தவறிவிட்டேன். அதன் பிறகே இந்தப் பெல்ட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அதன் நோய்களை விளங்கிக்கொள்ள அதன் வரலாற்றைப்போல் உதவுவது வேறொன்றில்லை என்பது அப்போது எனக்குத் தெளிவாயிற்று.

ஒரு சக்கரத்தின் சுழற்சியை மற்றொரு சக்கரத்துக்குக் கயிற்றினால் கொண்டுசெல்லும் உபாயம் மிகப் பழையது. நூல் நூற்கும் ராட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய சக்கரத்தையும் சிறிய கதிரையும் இணைத்துச் செல்லும் கயிறே ஒரு பெல்ட்தான். காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரத்தில் உருண்டையான தோல்வார் ஒன்று அதே பணியைச் செய்கிறது. இவற்றில் பல்லோ கொக்கியோ இல்லை. பெல்ட் கப்பியைப் பற்றிக்கொள்வது உராய்வினால் மட்டுமே. பிடி தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கத்தும். பெல்ட்டைப் பற்றிய எல்லாச் செய்திகளுக்கும் இதுவே அடிப்படை.

இந்தப் பிடியின் கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்தவர் லியோனார்டு ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்துக் கணித மேதை. ஒரு கப்பியைப் பெல்ட் எவ்வளவு தூரம் சுற்றித் தழுவுகிறதோ அதைப் பொறுத்துப் பிடி பன்மடங்காகப் பெருகும் என்பது அவர் கண்ட உண்மை. கிணற்றுத் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சிறுவன் ஒருவனே பெரிய பாரத்தை நழுவாமல் தாங்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தொழிற்புரட்சிக் காலத்தில் ஆலைகளுக்குள் பெல்ட் பெருமிடம் பெற்றது. தொடக்கத்தில் நீர்ச்சக்கரத்தின் ஆற்றலை மேல்மாடிகளுக்குக் கொண்டுசெல்லக் கனத்த பற்சக்கரங்களைப் பயன்படுத்தினர். அமெரிக்காவில் லோவெல் நகரத்து நெசவாலை ஒன்றில் 1828-ஆம் ஆண்டில் பால் மூடி என்பவர் அவற்றுக்குப் பதிலாக அகன்ற தோல்வார்களை அமைத்தார். ஓசை குறைந்தது, வேகம் கூடிற்று. அதன் பிறகு கூரையின்கீழ் ஓடும் ஒரே நெடிய தண்டிலிருந்து பல வார்கள் இறங்கி, பல இயந்திரங்களை ஓட்டுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. நம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் இத்தகைய தட்டைப் பெல்ட்டுகள் நெடுங்காலம் ஓடின. ஒரே தண்டு, பல இயந்திரங்கள் என்ற அந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னர் காருக்குள் மறுபிறவி எடுக்கப்போகிறது.

கார் எஞ்சினின் முன்புறத்தில் பெல்ட் மிக எளிய வேலைக்காரனாகவே இருந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி வண்டியில் தட்டையான பெல்ட் ஒன்று எஞ்சினுக்கு முன்னுள்ள விசிறியை மட்டுமே சுழற்றியது. முதலில் வெளிவந்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர மற்றவற்றில் நீரை இறைக்கப் பம்பு கிடையாது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியாலேயே நீர் சுழன்றது. எரிபொறிக்குரிய மின்சாரத்தை எஞ்சினின் ஃபிளைவீலோடு இணைந்த காந்தங்கள் உண்டாக்கின. ஆகவே பெல்ட் அறுந்தாலும் வண்டி உடனே நின்றுவிடுவதில்லை.

தட்டைப் பெல்ட்டுக்கு ஒரு குறை உண்டு. கப்பியிலிருந்து அது எளிதில் நழுவும். 1917-ஆம் ஆண்டில் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர், ரப்பரும் நூலும் சேர்ந்த, ஆப்பு வடிவுடைய பெல்ட் ஒன்றை உருவாக்கினார். ஆங்கில எழுத்தாகிய 'வி'யைப் போன்ற பள்ளத்தில் அது அமர்ந்ததால் வி-பெல்ட் எனப் பெயர் பெற்றது. மரத்தின் பிளவில் ஆப்பு இறுகுவதுபோல, இழுக்க இழுக்க அது பள்ளத்தில் இறுகும். இதன் சிறப்பை ஆய்லரின் கணக்கினால் அறியலாம். உராய்வு எண் 0.3 என்றும், பெல்ட் கப்பியில் பாதிச் சுற்று தழுவுகிறது என்றும் கொள்வோம். தளர்ந்த பக்கத்து இழுப்பு ஒரு பங்கானால், தட்டைப் பெல்ட்டின் இறுகிய பக்கம் நழுவாமல் சுமார் இரண்டரைப் பங்கு இழுக்கும். 40 பாகைக் கோணமுள்ள பள்ளத்தில் ஓடும் வி-பெல்ட்டோ சுமார் 16 பங்கு இழுக்கும்!

பிடி வலுத்ததும் பொறுப்பும் கூடிற்று. நீரை இறைக்கும் பம்பும், மின்சாரம் ஆக்கும் டைனமோவும் பெல்ட்டின்மேல் வந்து சேர்ந்தன. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாசிடர் காரின் தொடக்ககால எஞ்சினைப் பார்த்தவர்கள், ஒரே வி-பெல்ட் முக்கோணமாக ஓடி விசிறியையும் பம்பையும் டைனமோவையும் சுழற்றியதை அறிவார்கள். ஓட்டுநர் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குல அளவு அமிழ்ந்தால் சரி. அதிகம் அமிழ்ந்தால் டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, அதை வெளிப்புறம் நெம்பி, மீண்டும் முடுக்குவார். அக்காலத்து நோயறிதல் பெரும்பாலும் அந்தக் கட்டைவிரலோடு முடிந்தது.

இதற்கிடையில் அமெரிக்காவில் வசதிகள் பெருகிக்கொண்டிருந்தன. 1940-ஆம் ஆண்டு மாதிரியான பேக்கார்டு கார்களில் குளிர்சாதனம் விலைக்குக் கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்ப்ரசரை எஞ்சினிலிருந்து பிரித்து நிறுத்தக் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாத பருவத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்றி வைக்கவேண்டும்! 1951-இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டு மாதிரியான வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இடம்பெற்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெல்ட் என்று எஞ்சினின் முன்புறத்தில் மூன்று, நான்கு பெல்ட்டுகள் அடுக்கடுக்காக ஓடின. உள்ளேயிருக்கும் பெல்ட்டை மாற்ற வெளியேயுள்ளவற்றையெல்லாம் கழற்றவேண்டும்; ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கவேண்டும். இடமும் நேரமும் எரிபொருளும் வீணாயின.

1973-இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்ட பின்னர் சிறிய, சிக்கனமான கார்களுக்குத் தேவை பெருகிற்று. எஞ்சினின் முன்புறத்தில் இடத்தைச் சுருக்கவேண்டியதாயிற்று. இதற்கு விடையாக வந்ததே சர்ப்பன்டைன் பெல்ட். பெயரின் பொருள் பாம்பு போன்றது என்பதாகும். 1979-ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு மஸ்டாங் காரில் இது இடம்பெற்றது. கனத்த ஓர் ஆப்புக்குப் பதிலாக, மெல்லிய அகன்ற பட்டையின் ஒரு புறத்தில் பல சிறிய ஆப்புகள் நீளவாட்டில் வரிவரியாக ஓடுகின்றன. மெல்லியதாகையால் இருபுறமும் வளையும். வரியுள்ள புறத்தால் சில கப்பிகளையும், வழவழப்பான முதுகால் வேறு சிலவற்றையும் சுற்றும். பெல்ட்டின்மேல் 6பிகே1200 என்று அச்சிட்டிருந்தால், 6 வரிகள், 1200 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து புறப்படும் அந்த ஒரே பெல்ட் எல்லாக் கருவிகளையும் ஓட்டுகிறது. லோவெல் ஆலையின் ஒரே தண்டு இவ்வாறு காருக்குள் வந்து சேர்ந்தது.

பல பெல்ட்டுகள் இருந்தபோது ஒன்று அறுந்தால் ஒரு வேலை நின்றது. ஒரே பெல்ட் அறுந்தால் மின்சாரம், குளிர்சாதனம், ஸ்டியரிங்கின் உதவி, பல கார்களில் நீரோட்டம் ஆகிய யாவும் ஒருங்கே நிற்கின்றன. செங்கிப்பட்டிக்கு அப்பால் ஒரே நிமிடத்தில் எனக்கு நேர்ந்தவை இவையே.

இந்தப் பெல்ட்டுக்குத் துணையாக இரண்டு கப்பிகள் உள்ளன. ஒன்று டென்ஷனர்; சுருள்வில்லின் விசையால் பெல்ட்டைத் தானே இறுக்கிப் பிடிப்பது. அம்பாசிடர் ஓட்டுநரின் கட்டைவிரலுக்குப் பதிலாக வந்தது என்று இதனைக் கூறலாம். மற்றொன்று ஐட்லர், எந்தக் கருவியையும் ஓட்டாமல், பெல்ட்டுக்கு வழிகாட்டி, மற்றக் கப்பிகளை அது நன்கு தழுவும்படி செய்வது. என் காரில் கெட்டுப்போனது இந்த ஐட்லரே. எந்த வேலையும் செய்யாத கப்பி என்று கருதி அதை யாரும் பார்ப்பதில்லை.

இனி நோயறியும் முறைக்கு வருவோம். குறியைக் கண்டவுடன் மருந்தை நாடாமல் காரணத்தை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி பட்டறைக்கும் முற்றும் பொருந்தும்.

முதலாவது, ஒலியின் இயல்பு. நீண்டு கிரீச்சிடும் ஒலி பெரும்பாலும் வழுக்கலின் அடையாளம். இறுக்கம் குறைந்திருக்கலாம், அல்லது எண்ணெய் கசிந்து பெல்ட்டில் படிந்திருக்கலாம். குருவியின் குரல்போல விட்டுவிட்டு வரும் ஒலி, கப்பிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்பதன் அடையாளம். இரண்டையும் பிரித்தறிய மெக்கானிக்குகள் ஓர் எளிய சோதனை செய்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது, எட்ட நின்று, பெல்ட்டின் வரிப்புறத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்கிறார்கள். ஒலி சற்றே அடங்கி மீண்டும் வந்தால் கப்பியின் கோணலைத் தேடவேண்டும். ஒலி பெருகினால் இறுக்கத்தைச் சோதிக்கவேண்டும்.

இரண்டாவது, பளு. இங்கேதான் வரலாறு வழிகாட்டுகிறது. கருவிகள் காரில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன அல்லவா? அவற்றை ஒவ்வொன்றாகவே விசாரிக்கவேண்டும். விளக்குகளை எரியவிட்டதும் கத்தினால் ஆல்டர்னேட்டர். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது கத்தினால் பவர் ஸ்டியரிங்கின் பம்பு. குளிர்சாதனத்தைப் போட்டதும் ஒலி மாறினால் கம்ப்ரசர் என்று ஐயத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். டென்ஷனர் தளர்ந்திருந்தால் இவற்றுள் எந்தப் பளு கூடினாலும் கத்தும்.

மூன்றாவது, கையால் சோதித்தல். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியையும் சுழற்றிப் பார்க்கவேண்டும். ஓசையின்றிச் சுழன்றால் நலம். கரகரத்தாலும் ஆட்டங்கண்டாலும் பேரிங் கெட்டுவிட்டது. அனுபவமிக்க மெக்கானிக்குகள், ஓடும் எஞ்சினில் நீண்ட திருப்புளியின் ஒரு முனையைக் கருவியின் உடலில் ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக் கேட்பதும் உண்டு. 1816-இல் பாரிஸ் மருத்துவர் லேனெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டது போன்றதே இது. ஆயினும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஓடும் பெல்ட்டின் அருகே விரலோ, துண்டோ, தாவணியோ செல்லலாகாது.

நான்காவது, பெல்ட்டையே படித்தல். ஓரம் தேய்ந்திருந்தால் கப்பி கோணல். வரிகள் கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்கல். ரப்பர் ஊதி மென்மையாகியிருந்தால் எண்ணெய்க் கசிவு. வரிகளில் குறுக்கே வெடிப்புகள் நெருங்கியிருந்தால் முதுமை. இந்தக் கடைசிக் குறியில் ஓர் எச்சரிக்கை தேவை. 1930-இல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவான நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் செய்த பெல்ட்டுகள் முதுமையில் வெடிக்கும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய ஈ.பி.டி.எம். என்னும் ரப்பரோ எளிதில் வெடிப்பதில்லை. வண்டிச் சக்கரத்தின் டயரைப்போல மெல்லத் தேய்ந்து, பள்ளங்கள் அகன்றுபோகும். ஆகையால் வெடிப்பில்லை, பெல்ட் புதியது என்று இன்று முடிவு செய்துவிட முடியாது. பள்ளத்தின் ஆழத்தை அளந்தே அறியவேண்டும்.

ஒலியை அடக்கச் சோப்பையோ மெழுகையோ தடவுவது பழைய வழக்கம். அது நோயாளியின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். காரணத்தைக் களையாமல் புதிய பெல்ட்டை மாட்டுவதும் அத்தகையதே. நான் இருமுறை பணம் கொடுத்துச் செய்தது அதைத்தான்.

இந்தப் பெல்ட்டின் காலமும் மெல்ல முடிந்து வருகிறது. 1988-இல் சுசுகி செர்வோ காரில் மின்சாரத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் வந்தது. பின்னர் அது பெருவழக்காயிற்று. 2009-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரின் எஞ்சினில் இத்தகைய பெல்ட்டே இல்லை; நீர்ப்பம்பும் மின்சாரத்தால் ஓடிற்று. முழு மின்சாரக் கார்களுக்கும் இது வேண்டியதில்லை. ஆயினும் எஞ்சினுள்ள கார்கள் இன்னும் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. நம் பட்டறைகளில் இதை இன்றும் "ஃபேன் பெல்ட்" என்றே அழைக்கிறார்கள். பெரும்பாலான புதிய கார்களில் விசிறியைச் சுழற்றுவது தனி மின்மோட்டார்தான். பெல்ட் அதைத் தொடுவதுகூட இல்லை. மாடல் டி காலத்து வேலை போய்விட்டது. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஊர்ப்பெயர்களில் பழைய வரலாற்றைத் தேடும் மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

என் தாயாருக்கு அடுத்த வாரம் அறுவை நல்லபடியாக நடந்தது. ஐட்லர் கப்பியை மாற்றி, நான்காவது பெல்ட்டை மாட்டிய பின் அந்தக் குருவி கத்தவே இல்லை. காரை விற்றுவிட்டேன், மூன்று பழைய பெல்ட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆண்டின் முதல் வகுப்பில் அவற்றை மேசைமேல் வைத்து, "இவற்றைப் பார்த்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லுங்கள்" என்பேன். பெரும்பாலோர் முதலில் ஒரு பெல்ட்டை மட்டும் கையில் எடுத்து, "தேய்ந்துவிட்டது" என்பார்கள். யாரேனும் ஒரு மாணவனோ மாணவியோ மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வரையில் நான் பொறுத்திருப்பேன்.